கேப்டன் தலைக்குப் பின்னால் நின்ற கப்பல்

டிவி முன்னால் உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் கேப்டனைப் பார்ப்பார்கள். நானும் அத்தையும் மட்டும் கேப்டனுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்று நான் சொல்வது அப்பாவின் கடைசித் தங்கையை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூடப் பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அப்பா அவளை மகளைப் போலத்தான் வளர்த்தார். இப்போது பங்சாரில், கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஓர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த விண்வெளித் தொடர் வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் வரும். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பெரிய கப்பல், அதற்கு ஒரு கேப்டன், கேப்டனுக்கு வாரம் ஒரு தலைவலி. அடியில் மலாய் எழுத்துகள் ஓடும். அம்மாவுக்குக் கேப்டன் மீது நல்ல அபிப்பிராயம் இருந்தது. அப்பாவுக்கு அவர் ஒரு முடிவெடுக்க இத்தனை நேரம் எடுத்துக்கொள்வது பொறுக்காது. "இவன்கிட்ட ரயிலக் குடுத்தா செந்தூல் ஸ்டேஷனத் தாண்ட மாட்டான்" என்பார்.

எனக்கு ஓரிடத்தில் அடங்கி உட்கார வராது. காலை ஆட்டுவேன், நாற்காலியின் கையில் ஏறுவேன், இறங்கித் தரையில் படுப்பேன், மறுபடியும் ஏறுவேன். திரையில் பேச்சு நீண்டுகொண்டே போனால் என் கண் மூலைகளுக்குப் போய்விடும். அப்படித்தான் ஒரு நாள் கேப்டன் யாரோ ஒரு தூதுவரோடு பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் நகர்ந்துபோன சரக்குக் கப்பலை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அது போன மாதம் வெடித்துச் சிதறிய எதிரிக் கப்பல்! தலைகீழாகத் திருப்பி, மூக்கில் ஒரு குழாயைச் செருகி, வேறு பெயர் வைத்து ஓட விட்டிருந்தார்கள். "ஐயோ, ஏமாத்துறாங்க!" என்று கத்தினேன். அப்பா வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். அத்தை மட்டும் என் பக்கம் குனிந்து, "எங்க, எங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியை மறுநாள் அவள் ஆபீசுக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே பதில் தயாராக இருந்தது.

"என் பிரெண்டு சொன்னாங்க பாப்பா, அதெல்லாம் வரையறது இல்லயாம். கையால செய்யற மாடலாம். முன்னால வர்ற கப்பலுக்குத்தான் பாத்துப் பாத்துச் செய்வாங்களாம். பின்னால நிக்கிறதுக்கெல்லாம் மிச்சம் மீதி சாமானப் போட்டு ஒட்டிடுவாங்களாம் லா."

அந்த பிரெண்டுக்கு ஆபீசில் மாடல் செய்கிற வேலை. எங்கோ செம்மண் மேட்டில் கட்டப்போகும் வீட்டு வரிசைகளை அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் சின்னதாகச் செய்து மேசை மேல் வைக்க வேண்டும். அந்த ஊரில் ஷாம்பு பாட்டில் மூடி தண்ணீர்த் தொட்டியாகும், பழைய பல் பிரஷ்ஷின் முடி புல்லாகும். இப்படிப்பட்ட ஓர் ஆளுக்கு விண்வெளிக் கப்பல்களின் ரகசியம் தெரிந்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை. இப்படி ஒரு பிரெண்டு எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் ஆதங்கமாக இருந்தது.

அதன் பிறகு தொடரை வீடியோவில் பதிவு செய்ய ஆரம்பித்தோம். கேப்டனைத் தாண்டி ஏதாவது தெரிந்தால் போதும், பாய்ந்துபோய்ப் படத்தை நிறுத்துவேன். நின்ற படம் வெள்ளைக் கோடுகளோடு வெடவெடவென்று நடுங்கும். வீட்டுப் பின்னால் ரயில் போனால் பெட்டியும் சேர்ந்து ஆடும். "நிறுத்தி நிறுத்திப் பாத்தா வீடியோ ஹெட்டு தேஞ்சு போயிரும்" என்று அப்பா கத்துவார். நானும் அத்தையும் முட்டி போட்டு, திரையில் மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்போம். ஒரு கப்பலின் வயிறு சவர மெஷினின் மூடி. இன்னொன்றின் புகைபோக்கிகள் லிப்ஸ்டிக் மூடிகள். கடையில் விற்கிற நீர்மூழ்கிக் கப்பல் மாடலின் கோபுரத்தை மட்டும் கணக்கில்லாத கப்பல்களில் ஒட்டி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது பாதி, பிரெண்டு சொன்னாங்க பாதி. ஒருமுறை அந்த பிரெண்டு அதே மாடலின் துண்டுகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தையே கொடுத்தனுப்ப, நான் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எழுத்துத் தமிழில் 'சொன்னார்' என்றால் அது அப்பாவாகவும் இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். வாய்ப்பேச்சில் அப்படி இல்லை. அப்பா சொன்னாரு, அம்மா சொன்னாங்க. வாத்தியார் சொன்னாரு, டீச்சர் சொன்னாங்க. ஆகவே அத்தை 'பிரெண்டு சொன்னாங்க' என்றபோது அது ஒரு பெண் என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனைக்கும் அத்தை பொய்யே சொல்லவில்லை. மரியாதை கொடுக்க வேண்டிய யாரையும் 'ங்க' போட்டுப் பேசலாம், ஆணாக இருந்தாலும்தான்.

அம்மா ஒருமுறை, "சீனவங்களா?" என்று கேட்டாள். "ஆமா அண்ணி" என்றாள் அத்தை. அம்மா கேட்டது அவ்வளவுதான். தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் கட்டிக் கொடுத்ததோடு நில்லாமல், கண்ணாடி வளையல் பெட்டி ஒன்றையும் மேலே வைத்தாள். "சீனப் பொண்ணுங்களுக்கு நம்ம வளையல்னா ஆசை லா. கை ஒல்லியா, பெருசா?" என்று அவள் கேட்டதும் அத்தைக்குப் புரை ஏறிவிட்டது. குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருமினாள். பதிலுக்குச் சீனப் பெருநாளின்போது ஒரு டின் அன்னாசி தார்ட் பிஸ்கட்டும் ஆரஞ்சுப் பழங்களும் வந்தன. "கை மணம் பாரேன், யாரு கட்டிக்கப் போறானோ, குடுத்து வச்சவன்" என்று அம்மா தார்ட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

இந்த நிலையில்தான் பெரிய அத்தை கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள். அப்பாவுக்கும் மூத்தவள், அவள் சொல்லுக்கு எங்கள் வீட்டில் எதிர்ச்சொல் கிடையாது. கிள்ளான் இந்தியர் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஒரே பையன், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் பெண் மாட்டேன் என்றால் இரண்டு வீட்டுக்கும் அவமானம்.

அப்பாவின் முகத்தில் அன்று இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எங்கப்பா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லப் போறேன்னு பயந்துகிட்டே இருந்தேன்கா" என்று தமக்கையிடம் சொன்னார். அத்தை கதவோரம் நின்று அதைக் கேட்டாள். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, ராகு காலத்துக்கு முன்னால், என்று நாள் குறித்துக்கொண்டு பெரிய அத்தை கிளம்பிப் போனாள்.

அதே வாரத்தில்தான் பழுதுபார்க்கும் துறைமுகக் காட்சி வந்தது. கேப்டன் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசுகிறார். வெளியே விண்வெளியில் அடிபட்ட கப்பல்கள் வரிசையாகக் கட்டி நிற்கின்றன. எங்களுக்குத் திருவிழா! அதில் பெரும்பாலானவற்றை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டோம். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அது சரியாகக் கேப்டனின் தலைக்குப் பின்னால் நின்றது. அந்த மனிதர் தலையை அசைப்பதாக இல்லை. கடைசியில் ஒரு கோப்பையை எடுக்க அவர் திரும்பும்போது ஒரு கண் சிமிட்டல் நேரம் அது தெரிகிறது, உடனே மறைந்துவிடுகிறது. நிறுத்தினால் சரியாக அந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் அதே இடத்தை ஓட்டுவேன், பின்னுக்கு இழுப்பேன், மறுபடி ஓட்டுவேன். கேப்டன் கோப்பையை எடுப்பார், வைப்பார், எடுப்பார். கனவில்கூட அந்தத் தலை வந்து மறைத்தது.

வீட்டில் என்னைவிட மோசமாக அலைந்தவள் அத்தைதான். கழுவிய தட்டையே எடுத்துக் கழுவினாள். மடித்த துணியைப் பிரித்து மடித்தாள். வாசலுக்குப் போய் நிற்பாள், யாரையும் காணாமல் திரும்பி வருவாள். அப்பா பேப்பர் படிக்கும்போது எதிரே போய் நிற்பாள். சேலை முனையைச் சுருட்டிக்கொண்டு, "அண்ணே..." என்பாள். அப்பா நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்பார், அந்தப் புதிய நிம்மதியோடு. அத்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "தண்ணி கலக்கவா?" என்று கேட்பாள். அந்தப் பத்து நாளும் அப்பா குடித்த கோப்பிக்குக் கணக்கே இல்லை. "உங்க தங்கச்சிக்குக் கல்யாணக் களை வந்துருச்சி, அண்ணன உட்டுப் போறோமேன்னு இருக்கும்" என்று அம்மா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. கப்பலைப் பற்றிக் கேட்டால், "ம்" என்றாள். மூக்கு எப்படி இருக்கிறது பார் என்றால், "நல்லாருக்கு" என்றாள். யாராவது மூக்கைப் பார்த்து நல்லாருக்கு என்பார்களா? "உங்க பிரெண்டயாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன் அத்த, அவங்களே பாத்துச் சொல்லட்டும்" என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்தாள். "வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கேசட்டைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கேசட் திரும்பி வந்தது. ஆனால் பதிலைச் சொல்லாமல் இழுத்தடித்தாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள். அன்றைக்குப் பெரிய அத்தை வேறு வந்து தங்கிவிட்டாள். நான் காலை உதைத்துக்கொண்டு அழுது பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை பசியாறியதும், அறையில் அவளுக்குத் தலை பின்னி முடித்து அம்மா வெளியே போன சமயம், அத்தை என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். பட்டுச்சேலையில் வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

"அந்தக் கப்பல் எதுன்னு என் பிரெண்டு கண்டுபுடிச்சிட்டாரு" என்றாள்.

"எது எது?"

"வேற கப்பலே இல்லயாம் பாப்பா. கேப்டனோட கப்பலேதானாம். முத வருசம் செஞ்ச சின்ன மாடல் ஒண்ணு இருக்குமாம், அதத் தூக்கிப் பின்னால திருப்பி, லைட்ட அணைச்சுத் தொங்க விட்டுட்டாங்களாம், ஜன்னல்ல எடம் காலியா இருக்குன்னு. அவரு ராத்திரியெல்லாம் உக்காந்து பாத்தாராம். வால்ல ஒரு துடுப்பு ஒடஞ்சிருக்கும், பழைய படத்துலயும் அதே எடத்துல ஒடஞ்சிருக்கும்னு சொன்னாரு."

நான் துள்ளிக் குதித்தேன். கேப்டன் எந்தக் கப்பலில் வந்து இறங்கினாரோ அதே கப்பல் அவர் தலைக்குப் பின்னால் அடிபட்டு நிற்கிறது, அந்த ஆளுக்குத் தெரியவில்லை! இதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இருக்க முடியுமா? 'கண்டுபுடிச்சிட்டாரு', 'பாத்தாராம்', 'சொன்னாரு' என்பதெல்லாம் காதில் விழத்தான் விழுந்தன. "சொன்னாரா? உங்க பிரெண்டு ஆம்பளையா அத்த?" என்றுகூடக் கேட்டேன். "ஆமா" என்றாள். "ஓ" என்றேன். துடுப்பு இடது பக்கமா வலது பக்கமா என்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, கூட வந்த உறவுக்காரர்கள் சிலர். எங்கள் கூடத்தில் அத்தனை பேர் உட்கார இடம் போதாமல் பக்கத்து வீட்டு நாற்காலிகளும் வந்திருந்தன. தாம்பாளத்தில் மல்லிகைச் சரம் ஈரத்துணி போர்த்தி டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் பருமனாக, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே இருந்தார். பெரியவர்கள் மழையைப் பற்றியும் ஃபெடரல் ஹைவேயின் நெரிசலைப் பற்றியும் பேசித் தீர்த்துவிட்டார்கள்.

அத்தை கோப்பித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவராகக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பெரிய அத்தை அதைப் பார்த்துவிட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தாள். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அப்போதுதான் அத்தை, காலித் தட்டை நெஞ்சோடு பிடித்தபடி, என்னைப் பார்த்துச் சொன்னாள். "பாப்பா, அங்கிளுக்கு அந்தக் கப்பலக் காட்டேன்."

எனக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. ஓடிப்போய்க் கேசட்டைப் போட்டேன். "இப்ப எதுக்கு?" என்று பெரிய அத்தை முனகினாள். "புள்ளதானே, காட்டட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எல்லோருக்கும் பேச ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

திரையில் கேப்டன் கோப்பையை எடுத்தார். படத்தை நிறுத்தினேன். அன்று என்ன அதிர்ஷ்டமோ, வெள்ளைக் கோடு கொஞ்சம் கீழே விழுந்து கப்பல் தெளிவாகத் தெரிந்தது. நான் ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்து, பள்ளிப் பேச்சுப் போட்டியில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன்.

"இந்தக் கப்பல யாராலயும் கண்டுபுடிக்க முடியல. அத்தயோட பிரெண்டுதான் கண்டுபுடிச்சாரு. ராத்திரியெல்லாம் உக்காந்து பாத்தாரு. இது கேப்டனோட சொந்தக் கப்பலாம். திருப்பி வச்சிட்டாங்கன்னு அவருதான் சொன்னாரு."

"சொன்னாங்கன்னு சொல்லுடி" என்று அம்மா சிரித்துக்கொண்டே திருத்தினாள். விருந்தாளிகளைப் பார்த்து, "அது ஒரு சீனப் பொண்ணுங்க, கூட வேல செய்யுது. எங்க வீட்டுப் புள்ள மாதிரி" என்றாள்.

"இல்லம்மா, சொன்னாருதான். ஆம்பள. அத்தயே சொன்னாங்க."

மாப்பிள்ளை மட்டும் இது எதையும் கவனிக்கவில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, உண்மையான ஆர்வத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அட! இத எப்படிக் கண்டுபுடிச்சாரு?" என்று கேட்டார். அவருடைய வாயிலிருந்தும் அந்த 'ரு' வந்து விழுந்ததும் அவர் அம்மா கோப்பியை ஸ்டூலின் மேல் வைத்தாள். பாதிகூடக் குடித்திருக்கவில்லை.

"யாரும்மா அது?" என்று அந்த அம்மா கேட்டது என்னை இல்லை, அத்தையை.

அத்தை தலை குனியவில்லை. "என் கூட வேல செய்யறவங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. வேறு பெண்ணாக இருந்தால் ஐயையோ என்று பதறி இல்லை என்றிருப்பாள். அவள் சும்மா நின்றதே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார்கள். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் யாரையோ பார்க்க வேண்டியிருந்ததை அவர்கள் திடீரென்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வேனில் ஏறும்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கையசைத்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, அவராவது கேட்டாரே.

வேன் திரும்பியதுதான் தாமதம், பெரிய அத்தை கூடத்தின் நடுவே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! கிள்ளான்ல நான் எப்படித் தல காட்டுவேன்? நம்ம மானமே கப்பலேறிருச்சே!"

நான் இன்னும் டிவி முன்னாலேயே நின்றிருந்தேன். "எந்தக் கப்பல்ல?" என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை, சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாளைக்குக் கன்றிப்போய் இருந்தது. கிள்ளிவிட்டு அவளே சுவரில் சாய்ந்தாள். "வளையல் குடுத்துவுட்டேனே, ஐயோ, நான் வளையல் குடுத்துவுட்டேனே..."

அப்பா வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தை அவருக்குப் பின்னால் போய் நின்றாள். தண்ணி கலக்கவா என்று இந்த முறை கேட்கவில்லை.

"எத்தன நாளா?" என்றார் அப்பா, திரும்பாமல்.

"ரெண்டு வருசமாண்ணே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது? உங்க மொகத்தப் பாத்தா எனக்கு வாயே வரல. நீங்க என்ன கொறையா வளத்தீங்க, நான் எப்படி வந்து நின்னு அதச் சொல்வேன்?" அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. "எத்தன தடவ வந்து நின்னேன் தெரியுமா?"

ஒரு சரக்கு ரயில் கடந்து போய் முடிகிற வரைக்கும் அப்பா காத்திருந்தார். பிறகு, "அந்தக் கிள்ளான் பையன் நல்ல பையன்" என்றார். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அதைக் கேட்டதும் அத்தை இன்னும் அழுதாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீளமான கதை. பெரிய அத்தை நெடுநாள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா சம்மதிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு சீனர் அன்னாசி தார்ட் டின்னோடு வாசலில் நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தார்ட் செய்தது அவருடைய அம்மா என்பதும் அன்றுதான் தெரிந்தது. இன்று அவர் என் மாமா. பழைய கப்பல் விவகாரம் வீட்டில் எப்போது எழுந்தாலும், 'அன்னைக்கு இந்தப் புள்ள வாயக் கட்டி வச்சிருந்தா' என்று அம்மா ஆரம்பிப்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மாமாவைப் பற்றிப் பேசினால் அத்தை இன்றைக்கும், "அவங்க சொன்னாங்க, அவங்க வந்துட்டாங்க" என்றுதான் பேசுகிறாள். கல்யாணத்துக்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவரை அவள் 'ரு' போட்டுப் பேசி நான் கேட்டது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான். இது எனக்கு உறைக்க நான் அவளுடைய அன்றைய வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் தொடை வலியும் கோபமும்தான். உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லப்போக, ஒருத்தரும் முழுசாகக் கேட்கவில்லை, கிள்ளு வேறு. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்து பக்கத்தில் படுத்தாள். பட்டுச்சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. என் தொடையைத் தடவிக்கொடுத்தாள். அழுதழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளில் முதல்முறையாக அவள் கை, கால் எல்லாம் அசையாமல் அமைதியாக இருந்தன.

"நல்லா சொன்ன பாப்பா" என்றாள். "ரொம்ப நல்லா சொன்ன."

அவளாவது கேட்டாளே என்று எனக்கு ஆறுதலாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். அவசரத்தில் அந்த உடைந்த துடுப்பைப் பற்றிச் சொல்ல மறந்துபோனதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். கவலைப்பட வேண்டாம், அடுத்த தடவை யாராவது பெண் பார்க்க வரும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன்.